சிறு முதலீட்டு அலுவலகத்துக்குச் செயல்முறைக் கையேடு எழுதுவது எப்படி? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள் வந்தது. அங்கே ஒரு சந்தில், கீழ்த்தளத்தில் இருந்தது என் மியூச்சுவல் ஃபண்ட் அலுவலகம். தண்ணீர் பீரோவின் இரண்டாவது தட்டு வரை ஏறி, விண்ணப்ப நகல்களைக் கூழாக்கிவிட்டது. நானோ அம்பாசமுத்திரத்தில் உறவினர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். மின்சாரம் இல்லை, கைபேசியில் சிக்னல் இல்லை.

காகிதம் போனதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. வெள்ளம் வடியத் தொடங்கியதும் வாடிக்கையாளர்கள் என் உதவியாளரின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள். கடைச் சரக்கு நனைந்தவர், மோட்டார் சைக்கிள் மூழ்கிப்போனவர், வீட்டுச் சுவர் இடிந்தவர் என்று ஏழு பேர். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: போட்ட பணத்தில் கொஞ்சம் எடுக்க வேண்டும். அந்தப் பெண் என்னுடன் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறவர், நேர்த்தியானவர். ஆனால் யார் எந்தத் திட்டத்தில் இருக்கிறார், எதில் எடுத்தால் எக்ஸிட் லோடு (சீக்கிரம் எடுப்பதற்குப் பிடிக்கும் கட்டணம்) விழும், எந்த இணையதளத்தில் எப்படி நுழைவது என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. "அண்ணாச்சி வந்ததும் சொல்கிறேன்" என்று சொல்லி ஏழு பேரையும் அனுப்பிவிட்டார். ஆபத்துக்கு உதவும் என்று சேர்த்த பணம், ஆபத்து வந்த வாரத்தில் அவர்கள் கைக்குப் போகவில்லை. அதற்கு முழுப் பொறுப்பு நான்தான்.

2024 பொங்கல் கழிந்ததும் ஒரு நீளநோட்டு வாங்கி, அலுவலகத்தில் எந்த வேலையை எப்படிச் செய்வது என்று எழுத ஆரம்பித்தேன். இன்று அது அறுபது பக்கக் கையேடு. அதை உருவாக்கிய வழியை அப்படியே இங்கே எழுதுகிறேன். மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களில் மக்களைச் சேர்த்துவிடும் விநியோகஸ்தராக ஒருவரோ, இரண்டு மூன்று பேரோ சேர்ந்து நடத்தும் அலுவலகங்களை மனதில் வைத்து எழுதியது இது. இன்சூரன்ஸ், அஞ்சலகச் சேமிப்பு முகவர்களும் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: இரண்டு வாரம் வேலைகளை எண்ணுங்கள்

கையேடு எழுத உட்காரும் பலர், இணையத்தில் ஒரு மாதிரியை எடுத்துவைத்துக்கொண்டு "நோக்கம்", "தொலைநோக்கு" என்று தொடங்குகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிடும். நானும் முதலில் அப்படித்தான் தொடங்கி ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

அதற்குப் பதிலாக, மேஜையில் ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள். அலுவலகத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் நடக்கும்போதே ஒரு வரியில் குறிக்க வேண்டும். யார் கேட்டார், என்ன கேட்டார், அதற்காக எதைத் திறந்து பார்த்தோம், இவ்வளவு போதும். "வள்ளியூர் வாத்தியார், செல்போன் எண் மாற்றம், இரண்டு படிவம்" என்பது போல. இரண்டு வாரம் கழித்து, திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கினால் உங்கள் அலுவலகம் உண்மையில் என்ன செய்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். எனக்கு 51 வேலைகள் வந்தன. இருபதுக்கு மேல் இராது என்று நினைத்திருந்தேன்.

பட்டியலில் அன்றாடம் வருபவை, மாதம் ஒருமுறை வருபவை, எப்போதாவது வருபவை என்று குறியிடுங்கள். கடைசி வகையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தினமும் செய்யும் வேலை கைக்கே பழகியிருக்கும். வாடிக்கையாளர் இறந்துபோவது, அவர் வெளிநாடு போவது, வங்கிகள் இணைந்து கணக்கு விவரம் மாறுவது, காசோலை தொலைவது போன்றவை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் வரும். போன தடவை எப்படிச் செய்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. தவறு நடப்பதும் அங்கேதான்.

இரண்டாம் படி: எதைச் செய்ய மாட்டோம் என்பதே முதல் பக்கம்

அதிக வட்டி தருகிறேன் என்று சொல்லி வீடு வீடாக வசூலித்துவிட்டு ஓடிப்போனவர்களை நம் ஊர்ப்பக்கம் நிறையவே பார்த்துவிட்டார்கள். அத்தகைய மோசடிகளுக்காகவே தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகவே பணம் தொடர்பான தொழிலில் இருக்கும் நாம், எங்கே கோடு போட்டிருக்கிறோம் என்று எழுதி வைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் முதல் மரியாதை. எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது:

நாம் யாரிடமும் டெபாசிட் வாங்குவதில்லை. ரொக்கத்தைக் கையில் தொடுவதில்லை. பணம் முதலீட்டாளரின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்ட் நிறுவனத்துக்குப் போகும். நம் கணக்கு வழியாக ஒரு ரூபாயும் போகாது. "இத்தனை சதவீதம் கட்டாயம் கிடைக்கும்" என்று எவரும் சொல்லக் கூடாது. கிடைக்கும் கமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லக் கூடாது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது. வாடிக்கையாளரின் ஓ.டி.பி.யைக் கேட்கக் கூடாது.

ரொக்கம் பற்றி ஒரு விளக்கம். ஒரு முதலீட்டாளரிடம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை ரொக்கமாக ஏற்க மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி இடம் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் எங்கள் அலுவலகத்தில் அந்த வாசலைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ரொக்கம் வாங்கும் மேஜையில் என்றைக்காவது ஒரு நாள் கணக்கு இடிக்கும். இடித்தால், முப்பது ஆண்டு நம்பிக்கை அந்த ஒரு நாளில் போய்விடும்.

பெயர்ப் பலகையிலும் கவனம் வேண்டும். 2013-ம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்படி செபியில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம். நாம் விநியோகஸ்தர்கள். விசிட்டிங் கார்டு, ரசீது, வாட்ஸ்அப் முகப்பு எல்லாவற்றிலும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: யார் எதைப் பேசலாம்

ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி வழங்கும் ஏ.ஆர்.என். என்ற விநியோகஸ்தர் பதிவும், என்.ஐ.எஸ்.எம். என்ற பயிற்சி நிறுவனம் நடத்தும் 5-ஏ தேர்வுச் சான்றிதழும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இரண்டும் முடியும் தேதிகளைக் கையேட்டின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தேதி தவறினால் புது வியாபாரம் நின்றுவிடும்.

வாடிக்கையாளரிடம் திட்டங்களைப் பற்றிப் பேசும் ஊழியருக்குத் தேர்வுச் சான்றிதழும் இ.யு.ஐ.என். என்ற தனி அடையாள எண்ணும் கட்டாயம். சிறு அலுவலகங்களில் நடப்பது என்ன? முதலாளி வெளியே போயிருப்பார். வாடிக்கையாளர் உதவியாளரிடம், "நீயே ஒன்று சொல் தாயி, எதில் போடட்டும்?" என்பார். அந்தப் பெண்ணும் தெரிந்ததைச் சொல்லிவிடுவார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைக் கையேட்டில் வார்த்தைக்கு வார்த்தை எழுதி வையுங்கள். எங்கள் வாசகம்: "திட்டத்தைப் பற்றி அண்ணாச்சிதான் பேச வேண்டும். உங்கள் பெயரையும் வசதிப்பட்ட நேரத்தையும் குறித்துக்கொள்கிறேன், இன்று சாயங்காலத்துக்குள் அவரே அழைப்பார்." என் உதவியாளர் பிறகு தேர்வு எழுதித் தேறி இ.யு.ஐ.என். வாங்கினார், பக்கத்தைத் திருத்தினோம்.

நான்காம் படி: ஒரு வேலைக்கு ஒரு பக்கம்

ஒவ்வொரு வேலையும் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எப்போது செய்வது, யார் செய்வது, என்னென்ன தாள்கள் வேண்டும், என்ன வரிசையில் செய்வது, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும். இந்த ஐந்தும் இருந்தால் போதும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படிவத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வாடிக்கையாளருக்கோ, பணம் கணக்கில் ஏறும்போதுதான் முடிகிறது.

எங்கள் கையேட்டின் 17-ம் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

வேலை: முதலீட்டிலிருந்து பணம் எடுத்தல்.

1. கேட்பவர் முதலீட்டாளர்தானா என்று பார்க்கவும். மகனோ மருமகளோ வந்து கேட்டால், முதலீட்டாளரின் பதிவான எண்ணுக்கு நாமே அழைத்துப் பேசவும்.
2. எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று கேட்டு எழுதவும். கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் தேதியை அடிக்கோடிடவும்.
3. எக்ஸிட் லோடு உண்டா என்று பார்த்து, ரூபாயில் சொல்லவும். "ஒரு சதவீதம்" என்று சொல்ல வேண்டாம். "480 ரூபாய் பிடிப்பார்கள்" என்று சொல்லவும்.
4. வரிச் சேமிப்புத் திட்டம் என்றால் மூன்று ஆண்டு லாக்-இன் (பணம் எடுக்க முடியாத காலம்) முடிந்த யூனிட்டுகள் எத்தனை என்று பார்க்கவும். எஸ்.ஐ.பி.யில் (தவணை முறையில்) கட்டியிருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக மூன்று ஆண்டு.
5. பங்குத் திட்டத்தில் ஓராண்டு முடிந்ததா என்று பார்க்கவும். முடிந்திருந்தால் நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம், முடியாவிட்டால் 20 சதவீதம். வரிக்கணக்கை ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லவும்.
6. பணம் போய்ச் சேர வேண்டிய வங்கிக் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்கவும்.
7. பிற்பகல் 3 மணிக்கு முன் பதிவு செய்யவும். தவறினால் அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி. (யூனிட் விலை) தான் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லவும்.
8. ஓ.டி.பி. வந்தால் வாடிக்கையாளரே பதிய வேண்டும்.
9. பணம் வர வேண்டிய தேதியைப் பதிவேட்டில் எழுதவும். பங்குத் திட்டங்களில் வழக்கமாக இரண்டு வேலை நாட்களுக்குப் பிறகு.
10. அந்தத் தேதியில் வாடிக்கையாளரை அழைத்து, "வந்துவிட்டதா?" என்று கேட்கவும். வந்தது என்று அவர் சொன்ன பிறகே பதிவேட்டில் டிக் போடவும்.

எட்டாவது படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முக்கூடலிலிருந்து ஓர் ஆச்சி வருவார். பீடி சுற்றிச் சேர்த்த பணம். ஓ.டி.பி. வந்ததும் கைபேசியை மேஜையில் வைத்து, "நீங்களே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, எனக்கு என்ன தெரியும்" என்பார். போட்டுவிட்டால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நம்மிடம் அப்படிக் கொடுத்துப் பழகியவர், நாளைக்கு வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் மோசடிக்காரனிடமும் அதே எண்ணைச் சொல்லிவிடுவார். அதனால் எங்கள் விதி: செய்தியை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, எந்தத் திட்டம், எவ்வளவு தொகை என்று சொல்லி, அவர் விரலாலேயே ஆறு எண்களையும் அழுத்த வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் உரிமை கிடையாது, எனக்கும்தான்.

ஐந்தாம் படி: புது வாடிக்கையாளர், இனிஷியல் என்ற முடிச்சு

கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) பக்கத்தை வெளியூர்க் கையேட்டிலிருந்து நகல் எடுக்க முடியாது. நம் பெயர்கள் அப்படி. சுடலைமுத்து என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் முன்னால் இருக்கும். பான் கார்டில் அப்பாவின் முழுப்பெயரும் சேர்ந்து நீண்டிருக்கும். மூன்று தாளிலும் அவர் ஒருவர்தான். கணினிக்கோ மூன்று பேர். கே.ஒய்.சி. நிறுத்திவைக்கப்பட்ட நிலைக்குப் போய்விட்டால் புது முதலீடும் நடக்காது, பணம் எடுப்பதிலும் சிக்கல் வரும்.

ஆகவே எங்கள் பக்கத்தில் முதல் வேலை மூன்று தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்து, பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்துக்கூட்டி ஒப்பிடுவது. பிசகு இருந்தால் விண்ணப்பத்தை எடுக்கவே கூடாது. முதலில் எந்தத் தாளைத் திருத்துவது என்று சொல்லி அனுப்ப வேண்டும். பான், ஆதார் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு வங்கிக்குப் போவது எங்கள் அனுபவத்தில் சுலபம். ஆதார் நகலில் முதல் எட்டு எண்களை மறைத்த பிறகே கோப்பில் வைக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது நாமினி. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலை ஏற்கக் கூடாது. நாமினி யார் என்பதோடு, அவருக்கு இந்த முதலீடு இருப்பது தெரியுமா என்றும் கேளுங்கள். பாதிப் பேர் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகுதான் ரிஸ்க் பேச்சு. திட்டங்களின் ரிஸ்க் அளவைக் காட்டும் ரிஸ்கோமீட்டர் படத்தில் 2021 ஜனவரியிலிருந்து ஆறு நிலைகள் இருக்கின்றன. அந்தப் படத்தைக் காட்டுவதோடு விடாமல் ஒரு கேள்வி கேட்கிறோம்: "ஒரு லட்சம் போட்டு, ஆறு மாதத்தில் அது 75,000 ஆகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் சொல்லும் பதிலை அவருடைய சொற்களிலேயே எழுதி வைக்கிறோம். 2020 மார்ச்சில் சந்தை விழுந்தபோது, முதல் நாள் அவர்கள் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு என்னிடம் இருந்திருந்தால், பயந்து விற்றவர்களில் சிலரையாவது உட்கார வைத்துப் பேசியிருப்பேன்.

ஆறாம் படி: வருமானம் எந்த மாதத்தில் வருகிறது?

எஸ்.ஐ.பி. என்றால் மாதத் தவணை என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளமா வருகிறது? கார் பருவ நெல் அறுப்பில் ஒருமுறை, பிசானப் பருவ அறுப்பில் ஒருமுறை பணம் பார்ப்பார். அவரை மாதம் 5-ம் தேதித் தவணையில் சேர்த்துவிட்டால் கார்த்திகை மார்கழியில் கணக்கு வறண்டு கிடக்கும். வங்கி அபராதம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று மாதத் தவணை தவறினால் எஸ்.ஐ.பி.யே ரத்தாகிவிடும். அவரும் "இந்த மியூச்சுவல் ஃபண்டே வேண்டாம்" என்று போய்விடுவார்.

எனவே எங்கள் விண்ணப்பக் குறிப்பில் ஒரு கட்டம் உண்டு: "பணம் வரும் மாதங்கள்". விவசாயி என்றால் அறுப்புப் பணத்தை லிக்விட் திட்டத்தில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் திட்டம்) போட்டு, அங்கிருந்து மாதாமாதம் வேறு திட்டத்துக்கு மாற்றும் வழி அவருக்குப் பொருந்துமா என்று நான் பேசுகிறேன். லிக்விட் திட்டத்தில் பணம் போடுவதற்குக் கட்-ஆஃப் (கடைசி நேரம்) பிற்பகல் 1.30 என்பதும், 2021 பிப்ரவரியிலிருந்து எந்தத் திட்டமானாலும் பணம் ஃபண்டின் கணக்கில் சேர்ந்த பிறகே என்.ஏ.வி. கிடைக்கும் என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாரக்கூலிக்காரர், ஓய்வூதியக்காரர், காற்றாலைக் குத்தகை வாங்கும் ராதாபுரத்து நிலக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் தேதி மாறும். உங்கள் ஊருக்கு உங்கள் கட்டத்தைப் போடுங்கள்.

தவணை திரும்பிய பட்டியலை மாதம் இரண்டு தடவை பார்ப்பது உதவியாளரின் வேலை. முதல் தவணை தவறிய அன்றே ஓர் அழைப்பு. கடன் வசூலிக்கிறவர் மாதிரிப் பேசக் கூடாது. "கணக்கில் ஏதாவது சிக்கலா? இரண்டு மாதம் நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: விசா வந்துவிட்டதா?

மேலப்பாளையத்திலும் திசையன்விளையிலும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். இங்கே இருக்கும்போது முதலீடு தொடங்கியவர், துபாய் போன பிறகும் அதே சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருப்பார். வெளிநாடு வாழ் இந்தியர் ஆனதும் கே.ஒய்.சி. நிலையை மாற்ற வேண்டும். சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கும் தொடங்கிக்கொள்ளலாம். பணம் எடுக்கும்போது லாபத்துக்கு வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இது தெரியாமல், ஊருக்கு வந்த இருபது நாள் விடுமுறையில் வீடு கட்டப் பணம் எடுக்க வந்து, கணக்கு ஒத்துப்போகாமல் வெறுங்கையோடு திரும்பியவரை எனக்குத் தெரியும்.

எனவே ஆண்டுப் பரிசீலனைப் பக்கத்தில் முதல் கேள்வி, "வீட்டில் யாராவது வெளிநாடு போகிறார்களா?" என்பதுதான். போகிறார் என்றால், கிளம்பும் முன்பே கையெழுத்துக் காரியங்களை முடிக்க வேண்டும். அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்குச் சில ஃபண்ட் நிறுவனங்கள் புது முதலீடு ஏற்பதில்லை என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் இல்லாதபோது மனைவி அவர் கையெழுத்தைப் போடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. எங்கள் கையேட்டில் அதற்கு அடியில் சிவப்பு மையில் கோடு: பவர் பத்திரம் இல்லாமல் ஒருவருக்காக மற்றவர் கையெழுத்திட்ட தாளை மேஜையில் வைக்கவே கூடாது.

எட்டாம் படி: சாவு வீட்டுப் பக்கம்

இந்த ஒரு பக்கத்தை நான் ஒன்பது முறை திருத்தினேன்.

வாடிக்கையாளர் இறந்த செய்தி வந்தால், முதல் நாள் தாள் எதையும் கேட்கக் கூடாது. நேரில் போய்த் துக்கம் விசாரிக்க வேண்டும். அலுவலகத்தில் மட்டும் அன்றே அவருடைய ஃபோலியோக்களை (முதலீட்டுக் கணக்குகளை) பட்டியல் எடுத்து, நாமினி, கூட்டுதாரர், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்.ஐ.பி. ஆகியவற்றைக் குறித்து, வங்கித் தவணைகளை நிறுத்த என்ன வேண்டும் என்று பார்த்துவைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஓர் அழைப்பு. அப்போது சொல்ல வேண்டிய வாசகம் கையேட்டில் இருக்கிறது: "அவர் உங்களுக்காகச் சேர்த்துவைத்தது கொஞ்சம் இருக்கிறது. அவசரம் இல்லை. நீங்கள் சொல்லும் நாளில் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்."

பிறகு தாள்கள். இறப்புச் சான்றிதழைப் பத்துப் பிரதி வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வங்கி, இன்சூரன்ஸ், மின் இணைப்பு என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். நாமினியின் பான், கே.ஒய்.சி., ரத்து செய்த காசோலை, பெயர்மாற்றப் படிவம். நாமினி இல்லை என்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டும். தொகை பெரிதானால் நீதிமன்றம் வரைக்கும் போகும்.

நாமினியும் மற்ற வாரிசுகளும் மோதிக்கொண்டால்? நாமினி என்பதாலேயே ஒருவர் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கம்பெனிப் பங்குகள் தொடர்பான வழக்கில் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணம் நாமினியிடம் போகும். அதற்கு உரியவர்கள் யார் என்பதை வாரிசுரிமைச் சட்டம் சொல்லும். அண்ணன் தம்பி சண்டையில் நாம் பஞ்சாயத்துப் பேசக் கூடாது, யாருக்கும் மற்றவரின் கணக்கு விவரம் சொல்லக் கூடாது, வக்கீலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதையும் எழுதி வையுங்கள். சொந்தக்காரர்கள் நிறைந்த ஊரில் வாய் தவறுவது சுலபம்.

ஒன்பதாம் படி: சாவி, காகிதம், தண்ணீர்

வெள்ளத்துக்குப் பிறகு அலுவலகத்தை முதல் மாடிக்கு மாற்றினேன். எல்லோராலும் முடியாது. கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் கோப்புகளை இடுப்புக்கு மேலேதான் வைக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் வந்த அன்றே ஸ்கேன் ஆக வேண்டும். ஒரு பிரதி கடவுச்சொல்லோடு இணையச் சேமிப்பில், இன்னொன்று வீட்டு மாடியில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில். வெள்ளிக்கிழமைதோறும் பிரதி எடுப்பது ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஆதார், பான் படங்களைக் கோப்பில் ஏற்றியதும் கைபேசியிலிருந்து அழித்துவிட வேண்டும்.

அலுவலகத்தின் கடவுச்சொற்களை எழுதி ஒட்டிய உறையில் வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். உறையைத் திறந்தால் தேதியோடு கையெழுத்து. இதில் இருப்பவை நம்முடைய கடவுச்சொற்கள் மட்டுமே. வாடிக்கையாளரின் கடவுச்சொல் நம்மிடம் இருக்கவே கூடாது.

நான் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பக்கம் உண்டு. ஏ.ஆர்.என். பதிவில் யார் நாமினி, வாடிக்கையாளர்களை எந்தச் சக விநியோகஸ்தரிடம் ஒப்படைப்பது, யாருக்கு முதலில் தகவல் சொல்வது. எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. எழுதிவிட்டு அன்றே என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

புகாருக்கும் கமிஷன் கணக்குக்கும் நீண்ட பக்கங்கள் தேவையில்லை. புகார் வாய்மொழியாக வந்தாலும் பதிவேட்டில் ஏற வேண்டும், அன்றே ஒரு பதில் போக வேண்டும். ஃபண்ட் நிறுவனத்திடம் தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம், நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்கு நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். கமிஷன் அறிக்கையை மாதம் ஒருமுறை வங்கி வரவோடு ஒப்பிட்டால் போதும்.

பத்தாம் படி: தெரியாதவர் கையில் கொடுத்துப் பாருங்கள்

எழுதியவருக்குத் தன் எழுத்து எப்போதும் புரியும். அதனால் பக்கத்தைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்து, அதை மட்டும் பார்த்து வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எங்கே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அந்த வரியில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த வரிகளைத்தான் திருத்த வேண்டும். எங்கள் 17-ம் பக்கத்தில் முதல் தடவை ஆறு புள்ளிகள் விழுந்தன.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் திருத்திய தேதி இருக்கட்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முழுக் கையேட்டையும் ஒருமுறை வாசிக்கிறோம். அச்சுப்பிரதி மேஜை மேல் இருக்க வேண்டும். பீரோவுக்குள் போன கையேட்டை யாரும் திறப்பதில்லை.

கையேடு முடிந்த பிறகு வந்த ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் மூன்று நாள் குடில் போட்டுத் தங்கினேன். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டாம் நாள், சேரன்மகாதேவி வாடிக்கையாளர், 40,000 ரூபாய். வங்கிக் கணக்கு இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். உதவியாளருக்குச் சந்தேகம் வந்து பாஸ்புக்கைக் கேட்டிருக்கிறார். கடைசிப் பதிவு இரண்டு ஆண்டுக்கு முந்தியது, கணக்கு முடங்கிக் கிடந்தது. வங்கியில் பேசி அதைச் செயல்பட வைத்த பிறகே விண்ணப்பத்தைப் பதிவு செய்திருக்கிறார். 17-ம் பக்கத்தில் ஆறாவது படிக்கு நேராக, ஓரத்தில், அவருடைய சின்னக் கையெழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது: "இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பாஸ்புக்கை வாங்கிக் கடைசிப் பதிவின் தேதியைப் பார்க்கவும்."